அம்மாவுக்கு நாலு வரி

— இது அழகுத்தாய் பெரியம்மைக்கு ஒட்டுனதுல்லா?

— எதச் சொல்லுத, அக்கா?

— இந்தப் பாட்டுதாம்லே. 'அன்பின் இமயமே, பொறுமையின் சிகரமே.' பஸ் ஸ்டாண்டு செவுத்துல பாத்துக்கிட்டேதான் வந்தேன். போட்டோ மட்டும் வேற.

— அதாவது, நெட்டுல கெடக்கது அம்புட்டுதான். கண்ணீர் அஞ்சலின்னு தேடுனா இந்தப் பத்துப் பாட்டுதான் சுத்திச் சுத்தி வரும். கோவில்பட்டியில செத்த அம்மாமாரு எல்லாருமே இமயந்தான்.

— நம்ம அம்மைக்குமா? ஏலே செண்பகராஜ், பெத்தவளுக்கு நாலு வரி சொந்தமா எழுத உனக்கு ஏலாதா? எங் கல்யாணத்துக்கு வாழ்த்துமடல் யாரு எழுதுனா? எங்க மாமனார் வீட்டுல அத இன்னும் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்காவ.

— அப்ப வீட்டு முன் ரூம்புல இந்த பிரௌசிங் சென்டர் இல்லல்லா. எட்டு வருசமா வாரவிய கேக்காவ, நான் தேடுதேன், எடுத்துப் போடுதேன். நேத்துப் பூரா யோசிச்சுப் பாத்தேன் அக்கா. 'அம்மா'ன்னு அடிச்சிட்டு உக்காந்தா அடுத்த வார்த்தை வரமாட்டேங்கு. கை தானாத் தேடப் போயிருது. கடைசில அம்மா பேரையே போட்டுத் தேடிட்டேன்.

— ஜானகியம்மாள்னா?

— ஆமா. மெட்ராஸ்ல ஏதோ கல்யாண மண்டபம் வருது.

— நீ வெளங்குவ.

— சிரிக்காத அக்கா. எனக்கு அழுகையா வருது.

— நான் எங்கலே சிரிச்சேன். சரி, தேதி போட வேண்டிய எடம் ஏன் காலியாக் கெடக்கு?

— டாக்டர் இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்லித்தான வீட்டுக்கு அனுப்பிருக்காரு. அத மட்டும் அப்புறமாப் போட்டுக்கிடலாம்.

— அடப்பாவி. அம்மை அடுத்த ரூம்புல படுத்துக் கெடக்கா, மூச்சு ஓடிக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள போஸ்டரா?

— மெதுவாப் பேசு. இப்ப இருக்க நெலமையில கரண்டு எப்ப வரும் எப்பப் போகும்னு யாரு கண்டா? அந்நேரம் கரண்டு இல்லைன்னா பிரஸ்ஸுக்கு என்னத்தக் குடுக்க? அதாவது, ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுத்தவன் பெத்தவளுக்கு ஒட்டலைன்னா நாலு பேரு பேசமாட்டாவளா?

— நாங்க புதியம்புத்தூர்ல தைக்கதும் ரெடிமேடுதான். அதுலகூட சைஸுன்னு ஒண்ணு இருக்குலே. இது யாருக்கு மாட்டுனாலும் நிக்கும் போல. நம்ம அம்மைக்கு எங்கலே பொறுமை? தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கப்பிள்ளையவே கிழிகிழின்னு கிழிச்சிட்டு வந்தவ அவ.

— தெரியும். எழுதியும் பாத்தேன். 'யாருக்கும் பயப்படாத வாயாடியே'ன்னு. திருப்பி வாசிச்சாத் தப்பாத் தெரியுது. வேற யாரும் அப்படிப் போடலையே.

— யாரும் போடலைன்னா உனக்கு ஓடாதோ?

— ஓடமாட்டேங்கு. அதான சொல்லுதேன். முன்ன எனக்குப் பிடிச்சாப் போதும். இப்ப வேற எங்கயாவது இருந்தாத்தான் சரின்னு மனசு ஒத்துக்கிடுது. வேணும்னா நீ சொல்லு. சொல்லச் சொல்ல நான் அடிக்கேன்.

— இதென்ன பெரிய காரியமா? எழுது. பஞ்சத்துல நமக்கு ஊட்டிவிட்டுட்டு, தான் ஈரத்துணிய வயித்துல கட்டிக்கிட்டுப் படுத்தா. என்னலே, அடிக்காம என் மொகத்தப் பாக்க?

— அது சங்கரபாண்டியன் அண்ணாச்சி அவிய அம்மைக்கு நான் போட்டது. ஆடி மாசம். அதுவும் நெட்டுல எடுத்ததுதான். நீ வாசிச்சிட்டு இங்கனதான் நின்னு அழுத.

— போலே. என் கண்ணுக்குள்ள நிக்கு, அவ சுவரோரம் சுருண்டு படுத்தது.

— எந்தச் சுவரு? நாம எந்த வீட்டுல இருந்தோம் அப்ப?

— அது வந்து, கழுகுமலையில, இல்ல, அதுக்கு முன்ன. இரு, சொல்லுதேன்.

— அம்மா என்னைக்கு அக்கா பட்டினி கெடந்தா? நம்ம வீட்டுல முதத் தட்டு அவளுக்குத்தான். 'எனக்குத் தெம்பு இருந்தாத்தான உங்கள வெளுக்க முடியும்'பா.

— ஆமா. அப்படித்தான் சொல்லுவா, வாயில சோத்த வச்சிக்கிட்டே. அத எப்படிலே மறந்தேன்? அப்ப இம்புட்டு நாளும் நான் அம்மைன்னு நெனச்சி அழுதது யாரலே?

— எனக்கும் நீ தப்பாச் சொல்லப் போய்த்தான் ஞாபகம் வந்துச்சு. தானா வரல.

— வந்துருச்சுல்லா? அத எழுது. அதான் அவ.

— 'முதத் தட்டு உனக்குத்தான் அம்மா'ன்னு செவுத்துல ஒட்டவா? சோத்துக்கு அலைஞ்சவன்னு நெனப்பாவ.

— நெனைக்கட்டுமே.

— நீயே நல்லா யோசி. உங்க மாமனார் வீட்டு ஆளுக எல்லாம் வருவாவ. அவிய அத வாசிக்கணும்.

— ஐயோ. எனக்கும் சொல்லத் தெரியலலே. ஒண்ணுந் தோணமாட்டேங்கு. இமயமோ சிகரமோ, இருக்கதயே வையி. முழுசா ஒருக்க வாசி. சத்தமா வாசி, மிஷின் சத்தத்துல எனக்குக் காது மந்தமாப் போச்சு.

— 'அன்பின் இமயமே, பொறுமையின் சிகரமே. அதிர்ந்து ஒரு சொல் பேசாத அருமைத் தாயே. பசித்திருந்து எங்கள் பசி தீர்த்த தெய்வமே. உன் புன்னகை இல்லாத வீட்டில் இனி விளக்கேற்றி என்ன பயன்?'

— அழுகை வந்துருச்சுலே எனக்கு. யாரு செத்தாலும் வரும் போல. இரு, உள்ள அம்மை உன்னக் கூப்பிடுதா.

— என்னம்மா? தண்ணி வேணுமா?

— தண்ணி வேண்டாய்யா. நீ வாசிச்சதக் கேட்டேன், மனசு என்னமோ பண்ணுது. அம்புட்டு நல்லவளா இருந்திருக்கா பாவம். யாருலே அவ, நமக்குத் தெரிஞ்சவளா?