சேற்றில் எறிந்த துப்பாக்கி பற்றி

என் பெயர் தஸ்வாஹன், வயது 53, கணவர் பெயர் முத்தஷ்ஷர். தெற்கு இராக்கின் நாசிரியா பக்கத்துச் சதுப்பில், உம் கஸப் கிராமத்தில் எருமை வளர்த்து வாழ்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் காவல் நிலைய எழுத்தர் எழுதுகிறார்.

மூன்று வருடமாக மழை பொய்த்து, வடக்கேயிருந்து ஆற்று வரத்தும் குறைந்ததால் சதுப்பு வற்றிவிட்டது. மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் குடித்து என் எருமைகளில் இரண்டுக்குக் கண் போனது, ஆறு செத்தன. மேற்குக் கரைக்காரர்கள் வாய்க்காலின் குறுக்கே மண்கரை போட்டு, வந்த கொஞ்ச நீரையும் மறித்தார்கள். அதன்பிறகு இரு கரை ஆண்களும் துப்பாக்கியோடு நாணலுக்குள் உட்கார்ந்தார்கள். என் மகள் நஹ்லா அந்தக் கரையில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அவளுக்கு நிறைமாதம். பார்க்கக்கூட என்னை விடவில்லை.

கடந்த வியாழக்கிழமை காலை பால் கறந்துகொண்டிருந்தபோது அந்தக் கரையில் படபடவென்று வெடிச்சத்தம் கேட்டது. ஆண் பிறந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவது எங்கள் வழக்கம், பெண்ணுக்குச் சுடுவதில்லை. நஹ்லாவுக்குப் பெண் என்று ஸ்கேனில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே இது சண்டைதான் என்று என் கணவர் துப்பாக்கியைத் தூக்கினார்.

"வழிவிடுடி, ஆரம்பிச்சுட்டானுங்க!" என்றார்.

"யோவ், உன் மக மேலயே பட்டா என்னய்யா பண்ணுவ?" என்றேன். அவர் என்னைத் தள்ளினார். அதன்பிறகு நான் அதைப் பிடுங்கி வாய்க்கால் சேற்றில் எறிந்தேன். "அடிப்பாவி, அது எங்கப்பன் குடுத்ததுடி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதன்பிறகு சம்பந்தி ஹஷூஷ் மண்கரைமேல் ஏறி, தலைத்துணியை அவிழ்த்து ஆட்டி, "சம்பந்தியம்மா! பேத்தி பொறந்திருக்கா! ஒன்பது வருசம் காத்துக் கெடந்தோம், பொண்ணுன்னா சுடக்கூடாதா?" என்று கத்தினார். நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

என் கணவர் விடவில்லை. "சுட்டா ஆச்சா? மிட்டாய் எங்கய்யா?" என்றார்.

ஹஷூஷ் பக்கத்தில் நின்றவனிடம் மண்வெட்டியை வாங்கி, "இந்தாய்யா மிட்டாய்!" என்று மண்கரையை வெட்டிவிட்டார். மதியத்துக்குள் எருமைகள் தண்ணீரில் படுத்துவிட்டன. மறுநாள் இரு கரைக்காரர்களும் பேசி, கரைக்கு மூன்று நாள் தண்ணீர் என்று முறைவைத்துக்கொண்டார்கள்.

துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஐயா கேட்கிறீர்கள். அது இடுப்பளவுத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் தானாகத் தெரியும். அது கண்ணில் படவே கூடாது என்று தினமும் தொழுகையில் கேட்கிறேன்.

எழுத்தர் வாசித்துக் காட்டக் கேட்டேன்; நடந்தது இதுதான், கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. என்னைச் சீக்கிரம் அனுப்புங்கள், பேத்தியை இன்னும் நான் தூக்கவில்லை.

தஸ்வாஹன், இடது கைப் பெருவிரல் ரேகை.