ஹாரனை மன்னித்தேன்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், பாஸ்டர். பின்கால் ஆடுகிறது. மரச்சாமான் கடைக்காரன் கண்ணில் இதெல்லாம் பட்டுவிடும். பட்டால் சொல்லாமல் இருக்க மனம் வராது. இப்படி வாருங்கள், இது உறுதியானது.

நாளைக்கு அடக்க ஆராதனையில் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றீர்கள். பேசுகிறேன். ஆனால் நீங்கள் இந்தச் சபைக்குப் புதிது. இந்தக் கூரை நான் போட்டுக் கொடுத்தது, ஞாயிறு காலையில் தரையைத் துடைப்பதும் நான்தான் என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஹாரனைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன்.

ஹாரன் என் லாரி டிரைவர். அவன் பேசினால் தெருமுனை வரை கேட்கும். அதனால் அந்தப் பெயர். "முதலாளி, வண்டில ஹாரன் அடிக்கல. நானே தலைய வெளிய நீட்டிக் கத்திட்டு வந்துட்டேன்" என்பான். கடையே சிரிக்கும். என் மகள் அவன் தோளை விட்டு இறங்க மாட்டாள்.

ஒரு நாள் கடையின் பின்முற்றத்தில் லாரியைப் பின்னால் எடுத்தான். சுவரோரம் என் மகள் நின்றிருந்தாள். அவளுக்கு ஏழு வயது.

வழக்கு வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில் அவனை மேடைக்கு அழைத்துக் கட்டிப்பிடித்து, இவனை மன்னித்துவிட்டேன் என்றேன். சபையே அழுதது. அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். அந்தத் தேம்பல் எனக்குப் பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதற்கடுத்த ஞாயிறும் மன்னித்தேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும். வெளியூர் சபைகள் அழைத்தபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதே லாரியைத்தான் ஓட்டக் கொடுத்தேன். மகள் பெயரில் சபையில் குழந்தைகளுக்கு ஓர் அறை கட்டினேன். தினமும் அதைத் திறந்து, அவள் படத்தைத் துடைக்கும் ஊழியத்தை அவனுக்குக் கொடுத்தேன். ஊர் என்னை வாயாரப் புகழ்ந்தது. அவன் குரல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

ஒரு மத்தியானம் கடைக்குள் வந்து நின்றான்.

"மச்சான் ஊர்ல ஒரு டிரைவர் வேல இருக்கு முதலாளி. குடும்பத்தோட போயிரட்டுமா?"

"போறியா? உன்ன விட்டா எனக்கு யாருப்பா இருக்கா?"

"ஒரு தடவ அடிச்சிருங்க முதலாளி. செருப்பாலகூட அடிங்க. மேடைக்கு மட்டும் கூப்பிடாதீங்க."

"சீ, என்ன பேச்சு இது. ஞாயித்துக்கெழம வெள்ளச் சட்ட போட்டுட்டு வந்துரு."

வேலை தருவதாக இருந்தவருக்கு நானே போன் செய்தேன். பாவம், மனசு சரியில்லாதவன், வண்டியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

முந்தாநாள் அந்தக் குழந்தைகள் அறையில் ஹாரன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். "உங்க நல்ல மனசுக்கு இப்படியா ஆகணும்" என்று போலீஸ்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையை நானும் பிடித்துக்கொண்டேன்.

அவனைக் கொன்றது நான்தான், பாஸ்டர். ஞாயிறு ஞாயிறாகக் கொன்றேன். முதல் தடவை கட்டிப்பிடித்தபோதே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு தகப்பனுக்கு அது நியாயம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நேற்று துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"வண்டில பிரேக் சரியா பிடிக்கலன்னு அவரு உங்ககிட்ட சொல்லிட்டே இருந்தாராமே முதலாளி. சபைக் கூரை வேல முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னீங்களாமே?"

"இத யாரு யாருகிட்ட சொன்னான்?"

"என்கிட்ட மட்டுந்தான். வெளிய தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னாரு. பெத்த மனசு, பாவம்னாரு."

சொன்னான், உண்மைதான். நானும் அந்தப் பதிலைத்தான் சொன்னேன். அவன் அதை மறந்துவிட்டான் என்றே இருந்தேன். மேடையில் என் தோளில் சாய்ந்து அழுதபோதெல்லாம் அவனுக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறான், ஒரு லாரி டிரைவர்.

அவளுக்குக் கடையில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் மேசைக்கு எதிரிலேயே உட்காருவாள்.

வருகிற ஞாயிறு அவளை மேடைக்குக் கூப்பிடுங்கள், பாஸ்டர். துக்கத்தில் என்னென்னவோ சொல்லிவிட்டாள். எல்லோர் முன்னாலும் நான் அவளை மன்னிக்க வேண்டும்.