சுரங்கத்துக்குள் போன ஆட்டுக்குட்டி

ஜூலை 12, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். 9.40 பேருந்தில் விருதுநகரிலிருந்து காரியாபட்டிக்குப் போனேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் தன் தோட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறாள். மற்றவர் அவள் கணவரின் அக்கா, நர்ஸ்.

"ஆட்டுக்குட்டி மூக்கு வெள்ளியா மின்னுச்சு மதினி. அதாலதான் பிள்ளைக தப்பிச்சாக."

"என்ன சொல்லுதே?"

"பிள்ளைக தவழ்ந்து விளையாட சுரங்கம் வேணும்னு, உங்க தம்பி பட்டாசு கம்பெனில பழைய டிரம் வாங்கி, அடியை அறுத்து வரிசையா வச்சாக."

"அலுமினியப் பொடி இருந்த டிரம்மா? கழுவலையா?"

"கழுவுனாக, வெளிப்பக்கம். பச்சை பெயிண்டும் அடிச்சாக."

"வெளங்கும்! மூச்சுல போயிருக்குமே. பிள்ளைக உள்ள போகலையே?"

"பள்ளிக்கூட வேன் வந்து நிக்கிது. அதுக்குள்ள குட்டி ஒண்ணு சுரங்கத்துல புகுந்து, அந்தப் பக்கமா வெள்ளி மூக்கோட வருது. நான் ஓடிப்போய் வாசல அடைச்சு உக்காந்துட்டேன்."

"பொறவு பிள்ளைக எங்கன விளையாடுச்சுக?"

"களத்துல கொட்டுன மணல் மேட்டுலதான், சாயங்காலம் வரைக்கும். சுரங்கத்த ஒருத்தரும் கேக்கல."

"என் தம்பி?"

"எல்லா டிரம்மையும் லோடு ஏத்தி கம்பெனிக்கே திருப்பிட்டாக. பெயிண்டோட."

அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

எங்கள் மாடியில் என் மகன் ஒளிந்து விளையாடும் டிரம்மும் பட்டாசு கம்பெனியில் வாங்கியதுதான். ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் வேலையாக அதன் உட்புறத்தை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தேன். வெறும் மண் தூசிதான் வந்தது.