சங்கத்துக் கல்லறையில் ஒரு மாடம்

கையெழுத்துப் போட மாட்டேன்மா. தாளை மடிச்சு உள்ள வச்சுக்கோ. கோவிச்சுக்கிட்டு எந்திரிக்காத, உக்காரு. ஓருரோ டவுனுலேருந்து நாலு மணி நேரம் லாரி மேல குலுங்கிக்கிட்டு வந்திருக்க. அந்த அடுப்புல கோக்கா இலை போட்ட தண்ணி கொதிக்குது, ஊத்திக் குடி. இங்க உசரம் ஜாஸ்தி, மூச்சு வாங்கும்.

நிக்கானோர் கோல்க்கே மகள்னு வாசல்ல பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அதே தாடை. செனோபியாதானே? ஊர விட்டுப் போறப்போ உனக்கு ஆறு வயசு இருக்கும்.

புரியுது, புரியுது. சனிக்கிழமையோட டவுன் கல்லறையில குத்தகை முடியுது. அப்புறம் உங்கப்பா எலும்ப எடுத்துப் பொதுக்குழியில கொட்டிடுவாங்க. அதனால நம்ம சுரங்கச் சங்கத்துக் கல்லறைச் சுவத்துல அத வைக்க ஒரு மாடம் வேணும். அதுக்கு, சங்கம் தொடங்கினவங்கள்ல ஒருத்தன் கையெழுத்து வேணும். உசுரோட இருக்கறது நான் ஒருத்தன்தான். எல்லாம் சரி. ஆனா இந்தத் தாளுல நான் போட மாட்டேன்.

கல்லு மனசா? சொல்லு, சொல்லு. ஊரே என்னைக் கல்லு எவாரிஸ்தோன்னுதான் கூப்பிடும். அந்தப் பேரை யாரும் சும்மா குடுக்கல, நானா சம்பாதிச்சது.

பத்தொம்பது வயசுல ஒரு சின்னப் புத்தகம் கெடச்சுது. எட்டே பக்கம். முதலாளியக் கவுக்கறதுக்கு முன்னாடி உன்னை நீ ஆளக் கத்துக்கோன்னு போட்டிருந்துச்சு. நான் படிச்சது மூணாங்கிளாஸ். அந்த மாதிரி புத்தகங்கதான் எனக்குப் பள்ளிக்கூடம். அன்னைக்கு விட்டேன் குடிய. திருவிழாவுல ஊரே சாத்தான் வேஷம் கட்டிக்கிட்டுக் குடிச்சு ஆடும், நான் ஓரமா நின்னு வெறும் தண்ணி குடிப்பேன். விடியக்காலம் தொட்டியில ஐஸ ஒடச்சுக் குளிப்பேன். கோவம் வந்தா இருபது வரைக்கும் எண்ணுவேன். என்னிக்காவது பட்டாளத்துக்காரனுங்க புடிச்சுப் போட்டு அடிப்பானுங்க, அதுக்குத் தயாரா இருக்கணும்னு, பல்லு புடுங்கறப்ப மரத்துப்போற ஊசி வேணாம்னுட்டேன். தொட்டியில தலைய முக்கி மூச்சடக்கிப் பழகுவேன். என் பொண்டாட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு, யோவ், செத்துட்டீன்னா கையத் தூக்கு, நான் மாவு பிசையப் போகணும்னு சொல்லுவா.

உங்கப்பா அப்படி இல்ல. குடிப்பாரு. ஞாயித்துக்கிழமை பாடிக்கிட்டேதான் தெருவுக்குள்ள வருவாரு. சங்கக் கூட்டத்துல தூங்குவாரு. நான் எல்லார் முன்னாடியும் கேப்பேன், தோழர் நிக்கானோர், புரட்சி வந்தா எழுப்பி விடவான்னு. அவரு கண்ணத் தொறக்காமயே, சூப்போட வந்துச்சுன்னா எழுப்புங்க தோழர்னுவாரு. மண்டபமே சிரிக்கும். எனக்கு எரியும்.

பெரிய வேலைநிறுத்தம் நடந்துச்சே, அப்போ பட்டாளம் எங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல தூக்கிட்டுப் போச்சு. மூணாம் நாளு, ரொட்டி சுடற ரெமிஹியோ வீட்டுக்குப் போனானுங்க. அங்க அடுப்புக்குப் பின்னால ஒரு பொய்ச்சுவரு, அதுக்குள்ள நாங்க துண்டறிக்கை அடிக்கிற சைக்ளோஸ்டைல் மிஷின். வீட்ட அலசல, ஒரு பானைய உருட்டல, நேரா அடுப்பு. மிஷினையும் எடுத்தான், ரெமிஹியோவையும் எடுத்தான். மிஷின் பிற்பாடு ஏதோ ஏலத்துல வந்துச்சாம். ரெமிஹியோ வரல.

அந்த இடம் மூணு பேருக்குத்தான் தெரியும். ரெமிஹியோ, நான், உங்கப்பா. அவரத்தான் முதல்ல வெளிய விட்டாங்க. விரல் மூணு ஒடஞ்சிருந்துச்சு, வலி தாங்காம சாராயத்தக் குடிச்சுட்டுத் தெருவுல உக்காந்திருந்தாரு. ஜனத்துக்கு நாத்தம்தான் தெரிஞ்சுது, விரலு தெரியல. நான் ரெண்டு வாரம் கழிச்சு வந்தேன். மண்டபத்துல கூடி, என்ன நடந்துச்சுன்னு என்னைக் கேட்டாங்க. பேசினேன். ஒரு மணி நேரம். தன்னை அடக்கத் தெரியாதவன் வாயில ரகசியம் தங்காதுன்னு பேசினேன். நல்ல பேச்சு, இப்ப நெனச்சாலும் ஒரு சொல்ல மாத்த முடியாது. அத்தனை கையும் மேல போச்சு. சங்கத்துப் புத்தகத்துலேருந்து அவரு பேர அடிச்சாங்க. மறுநாள்லேருந்து உங்கம்மாவுக்குக் கடையில உப்பு கூடத் தரல. அப்புறந்தான் ஓருரோவுக்குப் போயி, சந்தையில மூட்டை தூக்கினாரு, அந்த விரல வச்சுக்கிட்டு.

தெரியும்மா. விசாரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். வந்து பாக்கலைதான். விசாரிச்சதோட சரி.

தாளுக்கு வரேன் இரு. என்ன எழுதியிருக்க? என் தந்தையார் செய்த தவறை மன்னித்து. யாரு சொல்லிக் குடுத்தா, வக்கீலா? மன்னிக்கறதுக்கு அவரு ஒண்ணுமே பண்ணல. அவரு காட்டிக் குடுக்கல.

எப்படித் தெரியும்னா? தெரியும். அன்னைக்கே தெரியும்.

என்னை யாரும் அடிக்கலம்மா. தண்ணியில முக்கல, கரண்ட் வைக்கல. ஒரு கேப்டன், கண்ணாடி போட்டவன், நாற்காலி போட்டு உக்கார வச்சான். எங்க துண்டறிக்கையக் கையில எடுத்து மொத்தத்தையும் வாய்விட்டுப் படிச்சான். நிறுத்தி நிறுத்தி, அழகாப் படிச்சான். கீழ வச்சுட்டு, எழுத்து நல்லா இருக்குய்யா, லா பாஸ்லேருந்து எந்த வக்கீல் எழுதி அனுப்பினான், பாறை ஒடைக்கிறவனுக்கு இதெல்லாம் வராதேன்னான். அவ்வளவுதான். வக்கீலும் இல்ல கிக்கீலும் இல்ல, எழுதினது நான், ஸ்டென்சில் வெட்டினது நான், ரெமிஹியோ அடுப்புக்குப் பின்னால மண்டி போட்டு ஐநூறு தாளும் ஓட்டினது நான்னுட்டேன். அவன் பேனாவ எடுத்து எழுத ஆரம்பிச்சப்புறந்தான், நான் சொன்னது என் காதுல விழுந்துச்சு.

பலகைச் சுவரு அது. அந்தப் பக்கம் உங்கப்பாவக் கட்டிப் போட்டிருந்தாங்க. அவரு காதுலயும் விழுந்திருக்கும். மண்டபத்துல எல்லாரும் கையத் தூக்கறப்போ என்னையேதான் பாத்துக்கிட்டு நின்னாரு. ஒரு வார்த்தை பேசல. ஏன்னு கேக்க எனக்கு தைரியம் வரல. முப்பத்தோரு வருஷமா வரல.

வேற தாள் எடும்மா. இப்ப சொன்னத அப்படியே எழுது, அடியில கையெழுத்துப் போடறேன். இல்ல, நீயே எழுது. நான் எழுதினா நல்லா எழுதிடுவேன்.