பாதிக் கிண்ணத் தேநீர்

தேநீர் ஆறிப்போயிருக்கிறது என்று முகம் சுளிக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. விறகு ஈரம். பாதிக் கிண்ணம் ஊற்றியதற்கும் கோபிக்க வேண்டாம். எங்கள் மலைநாட்டு வழக்கத்தில் நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம், நீங்களும் இந்த நாரின் மாகாணத்துக்காரர்தானே, தெரியாததா.

ஷார்ஷென் எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள். ஊர்த்தலைவன் நான், மறைப்பானேன்?

எங்கள் ஊற்று மலைமேல் இருக்கிறது. பெண்கள் வாளி சுமந்தே இடுப்பொடிந்து போனார்கள். குழாய் கேட்டு நீர்நிதி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். அதிகாரி குபானிச் சிரித்தான்.

"பெரியவரே, உங்க தண்ணி தங்கமா இருக்கு. கெட்ட தண்ணி குடிக்கிற ஊருக்குத்தான் நிதி. தூரமெல்லாம் விதியில கிடையாது."

"அப்ப கெட்டுப்போனா குடுப்பீங்களா?"

"கெடட்டும், வாங்க."

அரசாங்கம் சொன்னதை நான் மீறியதே இல்லை. செத்த ஆடு ஒன்றைக் கல்லில் கட்டி ஊற்றில் இறக்கினேன். என் சொந்த ஆடு. ஊர்ச்சொத்தில் கைவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"ஏங்க, தண்ணி நாறுதே" என்றாள் என் மனைவி புபுசாரா.

"வெயில் காலம்னா அப்படித்தான். உனக்கு எதுலதான் குறையில்ல?" என்றேன். பாவம், அவளும் படுத்துவிட்டாள்.

ஊரே வாந்தியெடுத்தது. ஷார்ஷென் மட்டும் எழவில்லை. நல்ல மனிதர், சீட்டாட்டத்தில்தான் கொஞ்சம் ஏமாற்றுவார். நான் மனமாரவே அழுதேன். சாவு விருந்துக்கு இன்னொரு ஆட்டையும் கொடுத்தேன். கணக்குப் பார்த்தால் நஷ்டம் எனக்குத்தான்.

குழாய் வந்தது. ஆனால் மசூதியோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே என் தெரு. இங்கே இன்னும் அதே ஊற்று, அதே வாளி. மறுபடி போய் நின்றேன்.

"சனங்க வாந்தியெடுத்தா அடுத்த வருஷந்தான்" என்றான் குபானிச். "அரசாங்க ஆள் யாராவது விழுந்தா அவசர நிதி. அந்த வாரமே குழாய்."

எந்த அரசாங்க ஆள் எங்கள் தெருவுக்கு வருவார்? நானே ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன், ஷார்ஷென் சாவில் சந்தேகம் இருப்பதாக. நீங்கள் வந்தீர்கள். நல்ல மனிதராகவும் இருக்கிறீர்கள், நான்கு முறை ஊற்றியும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விறகு ஈரமில்லை, ஐயா. நான்தான் கொதிக்க விடவில்லை. ஊற்றிலும் நேற்றுப் புதிதாக ஓர் ஆடு.

இதோ, இந்தக் கிண்ணத்தை நிறைய ஊற்றிவிட்டேன். சீக்கிரம் கிளம்புங்கள், ஆஸ்பத்திரி தூரம். அங்கே எழுதும் நோயாளிச் சீட்டில் எங்கள் தெருவின் பெயரை மட்டும் சரியாக எழுதச் சொல்லுங்கள்.