கெல்லரிலிருந்து வந்த ஓம்

மாலை ஐந்து மணி. மார்கழி என்பதால் அப்போதே இருட்டு. சுவிஸில், பாசல் நகருக்கு அப்பால் மலைப்பக்கத்துச் சின்ன ஊர். ரயிலை விட்டிறங்கினால் பனி மூடிய ஒற்றை வீதி... அதன் முடிவில் பழைய பியர் ஆலை. சுற்றிவர ஒரு வீடும் இல்லை.

கோபிசன், கதை கேட்கிறதென்றால் கையிலிருக்கும் பியர்ப் போத்தலைக் கீழே வை. பிறகு உனக்கு இறங்காது.

"பேய்க்கதை எண்டு சொல்லிப்போட்டு பியர்க்கதையோ?"

வாயை மூடிக்கொண்டு கேள். இது நம் கூட்டாளி டினேஸின் மாமன்மாருக்கு நடந்தது. மூத்தவர் அலோசியஸ், இளையவர் கிறிஸ்ரி. மன்னாரிலிருந்து அகதியாக வந்து, வருடக்கணக்காக ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவி, கடைசியில் அந்த ஆலையை வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு காலத்தில் அதை நடத்தியவர்களும் அண்ணன் தம்பிதானாம். ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள். தம்பிக்காரன் பியர் நொதிக்கவைக்கும் நிலத்தடி அறையில், அந்தக் கெல்லரில், செத்தான் என்பார்கள்... அதற்குமேல் அந்த ஊரில் எவரும் கதைக்க மாட்டார்கள்.

பியர் நொதிக்கும்போது ஒரு வாயு கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது. தரையோடு படுத்துக் கிடக்கும். அதற்குள் குனிந்தவன் நிமிர மாட்டான். அதனால் சகோதரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. ஒருவர் கெல்லருக்குள் இறங்கினால் மற்றவர் படிவாசலில் நின்று கூப்பிட வேண்டும். கீழே இருப்பவர், ஆமாம் என்பதற்கு நம் ஊரில் சொல்கிற மாதிரி, "ஓம்" சொல்ல வேண்டும். சத்தம் வராவிட்டால் உடனே தீயணைப்புப் படைக்கு போன் அடிக்க வேண்டும்.

அன்று வாயு கூடினால் கத்தும் கருவி பழுது. கீழே ஏதோ குழாய் ஒழுகியது. சொட்... சொட்... கிறிஸ்ரி இறங்கினார்.

"கிறிஸ்ரி?"

"ஓம்."

புளித்த மாவின் மணம் படியேறி வந்தது.

"கிறிஸ்ரி, சரியோடா?"

"ஓம்."

குழாய் ஒழுகுவது நிற்கவில்லை. சொட்... சொட்...

"இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்?"

"ஓம்... ஓம்..."

"பகிடி விடாதை. மேல வா."

"ஓம்."

காலடிச் சத்தம் இல்லை. அலோசியஸ் டோர்ச் அடித்துப் பார்த்தார். கடைசிப் படியில், குறடு கையிலிருக்க, முகம் குப்புறக் கிடந்தார் கிறிஸ்ரி.

முகமூடி போட்டவர்கள் வந்துதான் தூக்கினார்கள். இறங்கியவுடனேயே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் டொக்டர். அலோசியஸ் தலையிலடித்துக் குழறினார். "அவன் ஓம் எண்டு சொன்னவன்... அதாலதானே நான் ஒருத்தரையும் கூப்பிடேல்லை..." ஐயோ, அந்த மனிசனின் அழுகையை டினேஸால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அலோசியஸ் ஆலையை விட்டுவிட்டார். போன கிழமை, மாமாவின் மிச்சச் சாமான்களை எடுக்க டினேஸ் போயிருக்கிறான். இப்போது அங்கே ஒரு இளம் சுவிஸ்காரனும் மனைவியும். அவன் படிவாசலில் நின்றபடி சிரித்துக்கொண்டே கேட்டானாம்.

"உங்கள் மொழியில் ஓம் என்றால் என்ன? என் மனைவி எங்கே பழகினாளோ தெரியவில்லை. எதைக் கேட்டாலும் அதையே சொல்கிறாள்."

டினேஸ் கையிலிருந்த சாமான்களைக் கீழே வைத்தான்.

"உங்கள் மனைவி... எங்கே?"

அவன் கெல்லர் படியைக் காட்டினான்.

சொட்... சொட்...