குளிர்கிடங்கிலிருந்து ஓர் இணைப்பு

உச்சி வேளை. குளிர்கிடங்குக்குப் போகும் சாலையில் ஈ, காக்கை இல்லை. நம் கிரேன்காரரின் மைத்துனன் மட்டும் பைக்கில் போகிறான்... பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள்.

அவன் அந்தக் கிடங்குக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவன். முந்தின வாரம் அங்கே மூட்டை தூக்குகிற ஒருவர், எல்லாருக்கும் அவர் மாமா, கிடங்குக்குள்ளேயே விறைத்துச் செத்துப்போனார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் பூட்டச் சொன்னவன் மேனேஜர். பாவி, பழியையும் செத்தவர் தலையிலேயே கட்டினான். அன்று காலையில் மைத்துனனுக்குப் போன் போட்டான்.

"அவன் அன்னைக்கு வேலைக்கே வரலப்பா. திருட வந்து மாட்டிக்கிட்டான். சாயங்காலம் விசாரணைக்கு வர்றாங்க. அதுக்குள்ள அவன் வருகைய அழிச்சிடு."

கிடங்கு வாசலில் விரல் வைக்கிற மெஷின் உண்டு. வைத்தால், வருகை எங்கோ தூரத்தில் இருக்கும் டேட்டாபேஸில் போய் விழும். மைத்துனன் வீட்டிலிருந்தே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சில வரிகள் எழுதினான். முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு... இணைந்தது. மாமாவின் பதிவை அழித்தான்.

திரும்பப் பார்த்தான். பதிவு இருந்தது.

மறுபடி அழித்தான். இந்தத் தடவை அது வருவதையே பார்த்தான். 'விரல் பொருந்தவில்லை'... 'பொருந்தவில்லை'... 'பொருந்தவில்லை'... அப்புறம் மாமா பெயர். செத்த அதே தேதி.

மூட்டை தூக்கியே ரேகை தேய்ந்தவர் மாமா. மெஷின் துப்பத் துப்ப, பெருவிரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைப்பார். "பொண்டாட்டி கூட இவ்ளோ பிகு பண்ணல மாப்ள!" என்பார்.

யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று டேட்டாபேஸைக் கேட்டான். ஒன்று இவன். இன்னொன்று... குளிர்கிடங்கு.

அந்த மெஷினைப் பிடுங்கத்தான் பைக்கில் வந்தான். கிடங்குக் கதவில் போலீஸ் சீல். மின்சாரம் நிறுத்தி ஒரு வாரம். மெஷினின் வயர் வெட்டுப்பட்டுத் தொங்கியது. கொளுத்தும் வெயிலில் அதன் கண்ணாடியில் வெண்பனி... ஈரச் சாக்கு நாற்றம்... 'பீப்'.

போன் அடித்தது. மேனேஜர். "அழிச்சியா இல்லையா?"

பயம் போன இடத்தில் கோபம் வந்தது அவனுக்கு. "செத்தும் மனுசன் வேலைக்கு வந்துக்கிட்டே இருக்காரு சார். நெஞ்சுல தைரியம் இருந்தா நீங்களே வந்து அழிங்க!"

மேனேஜர் வந்தான். "நன்றி கெட்ட நாயே, வெளி கேட்டுல போய் நில்லு" என்று விரட்டிவிட்டு, சுத்தியலோடு மெஷின் பக்கம் போனான்.

சுத்தியல் அடிக்கிற சத்தமே கேட்கவில்லை. ஆள் திரும்பவும் இல்லை. மைத்துனன் நின்ற கேட்டைத் தவிர வெளியே போக வேறு வழியும் கிடையாது.

சாயங்காலம் விசாரணைக்காரர்கள் வந்தார்கள். டேட்டாபேஸில் மாமா அன்று வேலைக்கு வந்த பதிவு அசையாமல் இருந்தது. திருடன் என்ற பழி அங்கேயே செத்தது. பிறகு சீலை உடைத்தார்கள். ஆமாம்... சீல் போட்டது போட்டபடி இருந்தது.

உள்ளே மேனேஜர். இமையெல்லாம் பனி. கதவைத் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் ரத்தம்.

உயிரோடுதான் இருக்கிறான். ஆனால் எந்த வீட்டில், எந்தக் கதவைச் சாத்தினாலும் கத்துகிறான்... "உள்ள ஆள் இருக்கேன்! பூட்டாதீங்க மாப்ள!"

வாய் அவனுடையதுதான். குரல்... அவனுடையது இல்லை.